தவசிப்பிள்ளை பாஸ் போட்ட கிணறு

தென்காசியில் அந்தக் காலத்தில் கல்யாணச் சமையலுக்கு நாலைந்து தவசிப்பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் மோசமில்லை. ஆனாலும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமானதும் ஜனங்கள் முதலில் விசாரித்தது, "கடற்கரை அண்ணாச்சிக்கு அன்னைக்கு ஒழியுதா?" என்றுதான். பெயர்தான் கடற்கரை. மனிதர் ஐம்பது வயது வரை கடலைப் பார்த்ததில்லை. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு மூன்று தடவை புறப்பட்டார். மூன்று தடவையும் பாதி வழியில் யாராவது கல்யாணச் சமையலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் சமையலை ஊர் கொண்டாடியது. அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உப்பும் புளியும் அளவாகப் போடுவதில் என்ன சாமர்த்தியம் என்பார். கடவுள் தனக்கென்று தனியாகக் கொடுத்தது தண்ணீர் ஞானம் என்பது அவர் முடிவு. அந்த முடிவில் அவருக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது ஆனி மாதம் வரை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு வருவார். வெற்றிலைத் தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "மொதல்ல கிணத்தக் காட்டுங்க" என்பார். ஒரு செம்பு தண்ணீர் இறைக்கச் சொல்லி, மூன்று கல் கூட்டி, சின்னப் பித்தளைச் சட்டியில் அதைக் கொதிக்க வைத்து, மடியிலிருந்து ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்துப் போடுவார். எங்கே போனாலும் அவர் மடியில் துவரம்பருப்பு இருக்கும். பருப்பைப் போட்டதும் வெற்றிலை போட ஆரம்பிப்பார். மூன்று தாம்பூலம் மென்று துப்புகிற நேரம்தான் பருப்புக்குக் கெடு. வீட்டுக்காரர், அவர் சம்சாரம், பந்தல்காரன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று அவர் வாயையே பார்ப்பார்கள்.

மூன்றாவது தாம்பூலம் முடிந்ததும் ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்குவார். மாவாய்ப் போனால், "பாஸ்!" வீட்டுக்கார அம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வரும். விதையாக உருண்டால் ஒன்றும் பேசாமல் சட்டியைக் கவிழ்த்துவிடுவார். அந்த வீட்டுக்காரர் பீப்பாய் வண்டி கட்டி வேறு தெருவிலிருந்து தண்ணீர் அடிக்க வேண்டும். அது ஒரு மானக்கேடு.

மூன்றாம் வகுப்பில் தாம் பாஸாகாதவர், ஊரில் முப்பத்திரண்டு கிணறுகளுக்குப் பாஸ் போட்டிருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களிடம், "இது தவசிப்பிள்ளை பாஸ் போட்ட கிணறாக்கும்" என்று சொல்லிக்கொள்வார்கள். வந்தவர்களும் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமா, தெரியுது" என்று தலையாட்டுவார்கள். என்ன தெரிந்தது என்று அவர்களைக் கேட்டுப் பயனில்லை. பருப்பு வேகிற தண்ணீர் நல்ல தண்ணீர், வேகாதது மாட்டுக்கும் வாசல் தெளிக்கவும். ஊருக்கே அதுதான் கணக்கு. கடற்கரை அந்தக் கணக்குக்கு வாத்தியார், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் வாத்தியார் வீட்டுக் கிணறே பெயில். அவர் சம்சாரம் பேச்சித்தாய் அந்த வீட்டுக்கு வாழ வந்த மறுநாள், பருப்பை அடுப்பில் ஏற்றி உச்சிவேளை வரை விறகைத் தள்ளித் தள்ளிக் கண் சிவந்து நின்றாள். கடற்கரை சட்டியை எட்டிப் பார்த்தார். "இது பெயிலு. நீ குத்தாலிங்கம் வீட்டுக் கிணத்துல எடு" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். குத்தாலிங்கம் வீடு ஊர் ஓரத்தில், சிற்றாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டி இருந்தது. போக அரை மைல், வர அரை மைல். அந்தக் கிணற்றில் பருப்பு இரண்டாவது தாம்பூலத்திலேயே கரைந்துவிடும். முப்பத்திரண்டில் அது முதல் மார்க்கு. அன்றிலிருந்து காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் என்று பேச்சித்தாய் இருபது வருஷம் இடுப்பில் சுமந்தாள்.

அந்தக் குத்தாலிங்கத்தின் மகள் முத்துவடிவுக்குத்தான் ஐம்பத்தொன்பது ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை செங்கோட்டை. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் அருவி கொட்ட, சிற்றாற்றிலும் வாய்க்காலிலும் புதுத்தண்ணீர் கலங்கலாக ஓடியது. கடற்கரை வழக்கம்போல மூன்று நாள் முன்னால் வந்து, வழக்கம்போலப் பாஸ் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது சைக்கிளில் ஒரு தகரடின்னைக் கட்டிக்கொண்டு சுகாதார இன்ஸ்பெக்டர் ஞானதுரை வந்து இறங்கினார். சுரண்டைக்காரர். ஒல்லியான மனிதர். குரல் உயராது.

"அண்ணாச்சி, புதுத்தண்ணி வந்தாச்சு. வாய்க்கால் ஓரத்துக் கிணத்துக்கெல்லாம் மருந்து போட்டுக்கிட்டு வாறேன்" என்றார்.

குத்தாலிங்கம், "தவசிப்பிள்ளையக் கேளுங்க சார். அவரு சொன்னாச் சரி" என்று கையைக் காட்டிவிட்டார். கடற்கரை டின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் மூக்கில் ஏறியதும் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயய்ய! இதப் போட்டா எம் பாயாசம் ஆஸ்பத்திரி மாதிரில்லா நாறும்!"

"அப்படியே கொட்ட மாட்டோம் அண்ணாச்சி. வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல் தண்ணிய மட்டும் கிணத்துல விட்டுக் கலக்குவோம். சாயங்காலம் விட்டா காலையில வாசம் போயிரும்."

"வாசம் போயிரும் சார். பேரு போகுமா? கல்யாணம் முடியட்டும். பெறகு மூட மூடயாக் கொட்டுங்க."

"அப்பம் குடிக்கிற தண்ணியாவது கொதிக்க வச்சு ஆத்திக் குடுங்க."

"வென்னியா?" கடற்கரை சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். "சார், இது கல்யாண வீடு. பேறு பாத்த வீடு இல்ல."

அவர் சொன்னதில் ஊர் வழக்கம் இருந்தது. வெந்நீர் குடிப்பது பிள்ளை பெற்றவளும் காய்ச்சல்காரனும்தான். பந்தியில் வெந்நீர் வைத்தால் வீட்டில் யாருக்கோ சீக்கு என்று சம்பந்தி வீடு நினைத்துக்கொள்ளும். ஞானதுரை டின்னை மறுபடி கட்டிக்கொண்டு போனார். கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கலங்கியிருப்பதைக் கடற்கரையும் கவனித்துத்தான் இருந்தார். பானைகளின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார். காலையில் மண்ணெல்லாம் அடியில் இறங்கி, தண்ணீர் கண்ணாடியாக நின்றது. வெட்டிவேர் போட்டார். இதற்கு மேல் ஒரு தண்ணீருக்கு என்ன செய்வது?

கல்யாணத்தன்று காலையில் சமையல் பந்தலுக்குள் ஒரு வெள்ளைச் சேலை ஆச்சி நுழைந்தாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூத்த அக்காள், பெயர் பார்வதியம்மாள். செங்கோட்டையில் பிறந்து, கொல்லத்தில் வாழ்ந்து, மறுபடி செங்கோட்டைக்கு வந்தவள். பேச்சில் மலையாளம் பாதி.

"தவசிப்பிள்ளே, எனக்கு ஜீரக வெள்ளம் வேணும். நல்லாத் திளச்ச வெள்ளம். என்கூட வந்த அஞ்சு பேருக்கும் சேத்து."

"ஆச்சி, கிணத்துத் தண்ணியே இங்கன இளநி மாதிரி இருக்கும்."

"இளநியா இருந்தா இளநியாக் குடிச்சுக்கிடுதேன். வெள்ளம்னா திளைக்கணும்."

கடற்கரை ஓர் ஓரத்து அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரை ஏற்றி, சீரகத்தை அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்தார். கையாட்களிடம், "ஆறு சீக்காளி வந்திருக்கு. தனியாக் கவனிங்கலே" என்றார். ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

பந்தி அமோகம். முதல் நாள் அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் இலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பார்வதியம்மாள் மட்டும் மூன்று தடவை சாம்பார் வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் தன் செம்பை உயர்த்தி, சீரகத் தண்ணீரைக் குடித்து, கடற்கரையைப் பார்த்தாள். கடற்கரை அன்று சோறு தொடவில்லை. நாள் முழுக்க அடுப்புப் புகையில் நிற்கிறவனுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பாக இருக்கும். பந்தி முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் உப்புப் போட்டு இரண்டு செம்பு குடிப்பார். அன்றும் குடித்தார்.

இரண்டாம் நாள் விஷயம் தெரிந்தது. பந்தியில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வயிறு இளகிவிட்டது. பெண் வீட்டார் செம்பைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓட, எதிரே பந்தல்காரன் திரும்பி வந்துகொண்டிருந்தான். செங்கோட்டையிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையே முதல் நாள் ராத்திரியிலிருந்து கட்டிலுக்கும் கொல்லைக்கும் நடையாம். புதுப்பெண் முத்துவடிவைப் பார்த்து, "உங்க அப்பா வீட்டுச் சீர் நல்லா வேலை செய்யுது" என்று நாத்தனார் சொன்னாளாம். நல்லவேளை, யாருக்கும் உயிருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் குற்றம் ஒன்று நடந்துவிட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டுமே. ஊரின் எல்லா விரலும் கடற்கரையை நோக்கித் திரும்பின. சாம்பார் ஊசிவிட்டது என்றார்கள். ஈயம் பூசாத அண்டா என்றார்கள்.

இலையில் சோறு போட்டவன் மேல் இந்தப் பழி விழுந்தால் அதோடு அவன் கதை முடிந்தது. இரண்டு மாதம் கழித்து ஆவணியில் சுரண்டை மிளகாய் வியாபாரி நல்லதம்பி வீட்டுக் கல்யாணம் இருந்தது. ஜில்லா முழுக்க ஆள் வருகிற கல்யாணம். அது கை நழுவினால் வேறு யாரும் அவரை அடுப்பருகே விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் குத்தாலிங்கம் வீட்டில் எல்லாரும் கூடிப் பேசுவது என்று தகவல் வந்தது. நல்லதம்பியும் வருகிறாராம்.

கடற்கரைக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்கு அவமானம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அவருக்கும் வயிறு போய்க்கொண்டிருந்தது. சமையல்காரனுக்கே போகிறது என்று தெரிந்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தார். யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தெரு திரும்பியதும் ஓடுவார். ஆனால் வேட்டி துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? பேச்சித்தாய் மாதுளை ஓட்டுக் கஷாயத்தை அவர் முன்னால் டம்ளரில் வைத்தாள்.

"நீங்க அன்னைக்கு சோறு திங்கலயே" என்றாள்.

"இல்ல."

"சாம்பார்?"

"தொடல."

"பின்ன எதுக்கு ஓடுதிய?"

கடற்கரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். முப்பத்திரண்டு கிணறு கண்டவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"மோரு ரெண்டு செம்பு குடிச்சேன்" என்றார் மெதுவாக.

"கல்யாணக் கூட்டத்துல அங்கன எனக்குக் கொடம் வைக்க எடமில்லன்னு ஒரு வாரமா நான் நம்ம வீட்டு உப்புத் தண்ணியத்தான் குடிக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போயி அந்த டின்னுக்காரரப் பாருங்க."

டின்னுக்காரர் சீசன் வேலைக்காகக் குற்றாலத்தில் இருந்தார். கடற்கரை சாரலில் நனைந்துகொண்டே நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் புதரைத் தேட வேண்டியிருந்தது. அருவிக்குப் போகிற பாதையில் தட்டி வைத்து மறைத்த ஒரு கொட்டகையில், டின்களுக்கு நடுவே ஞானதுரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு விரட்டினவரிடம் இன்றைக்குக் கைகட்டி நிற்பது கடற்கரைக்குக் கசந்தது. ஞானதுரை அதைக் காட்டிக்கொள்ளாமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நல்ல மனிதர்.

"யாருக்கெல்லாம் போச்சு, யாருக்குப் போகல? அதச் சொல்லுங்க அண்ணாச்சி."

"பந்தியில பாதிப் பேருக்குப் போச்சு சார். அந்தச் செங்கோட்டை ஆச்சி மூணு வட்டம் சாம்பார் தின்னா. அவளுக்கு ஒண்ணும் இல்லயாம். கூட வந்த அஞ்சு பேரும் கிண்ணுனு இருக்காவளாம்."

"அவங்க என்ன குடிச்சாங்க?"

"வென்…" கடற்கரை நிறுத்தினார். "வென்னி."

"நீங்க?"

"மோரு."

"ஒங்களுக்கு வயிறு எப்படி இருக்கு?"

கடற்கரை சட்டென்று எழுந்தார். "சார், செத்த நேரம் அருவியப் பாத்துட்டு வந்திருதேன்."

கால் மணி நேரம் கழித்து வந்தார். ஞானதுரை காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து வைத்திருந்தார். ஓட்டம் நின்றாலும் நிற்காவிட்டாலும் இதை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னார். கடற்கரை குடித்தார். பிறகு மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டார்.

"பருப்பு அப்படி வெந்த தண்ணி சார் அது. தேத்தாங்கொட்ட போட்டுத் தெளிய வச்சேன். அதுல எப்படிக் குத்தம் வரும்?"

"தெளிஞ்ச தண்ணி வேற, சுத்தமான தண்ணி வேற அண்ணாச்சி. தேத்தாங்கொட்ட மண்ண இறக்கும். கிருமியக் கொல்லாது. இந்தப் பருப்பு விசயம் இருக்கே, ஒங்க வீட்டுத் தண்ணியில ஏன் வேகல? அது ரொம்ப நாளு பாறைக்குள்ள கெடந்து சுண்ணாம்பக் கரைச்சுக்கிட்டு வருது. குத்தாலிங்கம் அண்ணாச்சி வீட்டுத் தண்ணி முந்தாநாள் வரைக்கும் வாய்க்கால்ல ஓடின தண்ணி. கல்லத் தொடவே அதுக்கு நேரமில்ல. அதான் பருப்பு வேகுது."

"வாய்க்கால் தண்ணியா?"

"வாய்க்கா ஓரத்துக்கு ஊரு எதுக்குப் போகுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? சாரல் விழுந்ததும் அம்புட்டும் கழுவிக் கிணத்துல எறங்குது. வருசா வருசம் ஆனியில ஒங்க பக்கம் வயித்தால போகும். நீங்க மாம்பழத்தச் சொல்லுவிய, பலாப்பழத்தச் சொல்லுவிய. பழம் என்ன செய்யும், பாவம்."

எந்தத் தண்ணீரைக் கடற்கரை முதல் மார்க்கு என்று தூக்கி வைத்தாரோ அதுதான் வாய்க்காலுக்கு மிகப் பக்கம். அவருடைய பரீட்சையே அழுக்குத் தண்ணீரைத் தேடிப் பிடித்துப் பாஸ் போடுகிற பரீட்சையாக இருந்திருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. அருவிச் சாரல் முகத்தில் அடித்ததால் வெளியே தெரியவில்லை.

"அப்பம் பருப்பு வேகாத தண்ணியெல்லாம் நல்ல தண்ணியா சார்?"

"அதையும் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. பாட்டில்ல பிடிச்சு அனுப்பித்தான் பாக்கணும். ரெண்டு கிணத்துலயும் பிடிச்சு அனுப்புதேன்" என்றார் ஞானதுரை.

வெள்ளிக்கிழமை வந்தது. குத்தாலிங்கம் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்வாசலில் பெண்கள், அவர்களோடு பேச்சித்தாய். செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் பார்வதியம்மாளும் வந்திருந்தார்கள். நல்லதம்பி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஞானதுரை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வே தவசிப்பிள்ளை, எம் மகளுக்குத் தல நிமிர முடியல. சாம்பார்ல என்ன கோளாறு? உண்மையச் சொல்லும்" என்றார் குத்தாலிங்கம்.

"சாம்பார்ல ஒண்ணுமில்ல."

"பின்ன ரசமா? பாயாசமா?"

"அம்புட்டும் தளதளன்னு கொதிச்சது. கொதிச்ச எதுலயும் கோளாறு இல்ல."

"அப்பம் இருநூறு பேரு வயிறும் சும்மா போச்சா வே?"

சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. சமையல் தப்பில்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அது அவருடைய வயிறு.

"எனக்கும் போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"வயிறுதான். அஞ்சு நாளா."

கூடத்தில் ஒருவர் இருமினார், இன்னொருவர் துண்டால் வாயை மூடினார். உள்வாசலிலிருந்து பேச்சித்தாயின் குரல் கணீரென்று வந்தது. "ஒரு நாளைக்கு ஏழு தடவ. செவ்வாக்கெழம மட்டும் ஒம்பது."

கூடம் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. கடற்கரை காத்திருந்தார். "சிரிங்க. ஆனா கேளுங்க. அன்னைக்கு நான் ஒரு பருக்க சோறு திங்கல. சாம்பார் தொடல. மோரு மட்டும் குடிச்சேன், கிணத்துப் பச்சத்தண்ணி விட்ட மோரு. எனக்குப் போச்சு. இந்தா இருக்காவ ஆச்சி. மூணு வட்டம் சாம்பார் தின்னாவ…"

"நாலு" என்றாள் பார்வதியம்மாள்.

"நாலு வட்டம் தின்னாவ. குடிச்சது வென்னி. அவுகளுக்கு ஒண்ணும் இல்ல. கூட வந்த அஞ்சு பேருக்கும் இல்ல. சாப்பாட்டுல குத்தமா, தண்ணியில குத்தமா? நீங்களே சொல்லுங்க."

"எனக்கொண்ணும் இல்ல. சாம்பார் ஒண்ணாந்தரம்" என்றாள் ஆச்சி. "ஆனா இந்த ஆளு எனக்கு இட்ட பேரு சீக்காளி. அதையும் எழுதிக்கிடுங்க."

குத்தாலிங்கம் எழுந்துவிட்டார். முகம் சிவந்து போயிற்று. "அப்பம் எங் கிணறா? இருவது வருசமா ஊரே குடிச்ச கிணறா? அந்தக் கிணத்துக்குப் பாஸ் போட்டது யாரு வே?"

இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க ஆயிரம் வழி இருந்தது. புதுத்தண்ணீர் மேல் பழி போடலாம், இறைத்தவன் கை அழுக்கு என்று சொல்லலாம். கடற்கரைக்கு அதெல்லாம் தோன்றியும் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த ஆனியிலும் இந்த வீட்டுப் பிள்ளைகள் இதையே குடிக்கும். அது அவருக்கு நெஞ்சில் உறுத்தியது.

"நாந்தான்" என்றார். "நான் போட்ட பாஸ் பருப்புக்கு. மனுசனுக்கு இல்லன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. மருந்து போட வந்த சாரையும் நாந்தான் வெரட்டினேன். வென்னி குடுக்கச் சொன்னாரு, சிரிச்சேன். ஒங்க மக தலகுனிவுக்கு நான்தான் காரணம் அண்ணாச்சி. சமையல் இல்ல."

குத்தாலிங்கம் நின்றபடியே அவரைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "சார், டின்ன எறக்குங்க" என்றார்.

எல்லாரும் கலைகிற நேரத்தில் நல்லதம்பி கடற்கரை பக்கத்தில் வந்தார். "ஆவணிக்கு நீருதான் வரணும்" என்றார்.

"குடிக்கிற தண்ணியையும் மோருக்கு விடுத தண்ணியையும் முந்தின நாளே கொதிக்க வப்பேன். சம்மதம்னா வாறேன்."

நல்லதம்பி திகைத்தார். "வந்தவன் வென்னின்னு சொல்லிரக் கூடாதே வே."

"ராவெல்லாம் மண்பானையில ஆறிக் கெடக்கும். வெட்டிவேர் போட்டுருவேன். ஒரு பயலுக்கும் தெரியாது."

ஒரு பயலுக்கும் தெரியவில்லை. சுரண்டைக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்து, "இந்தக் கிணத்துத் தண்ணிக்கு என்ன ருசி!" என்றார். நல்லதம்பி கடற்கரையைப் பார்த்தார். கடற்கரை பாயாசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் சமைத்த கல்யாணங்களிலெல்லாம் முதல் நாளே தண்ணீருக்கென்று இரண்டு அடுப்பு எரிந்தது. மடியில் துவரம்பருப்பும் இருந்தது, சாம்பாருக்குத் தண்ணீர் பார்க்க வேண்டுமே. ஆனால் "பாஸ்" என்று சொல்வதை விட்டுவிட்டார். "பருப்பு வேகும்" என்று மட்டும் சொல்வார்.

சுரண்டைக் கல்யாணத்துக்கு முன்பே, ஆடி நடுவில், அனுப்பிய பாட்டில்களுக்கு முடிவு வந்திருந்தது. குத்தாலிங்கம் வீட்டுக் கிணற்றில் இருக்கக் கூடாததெல்லாம் இருந்தது. கடற்கரை வீட்டுக் கிணற்றில் கிருமி இல்லை, உப்பு மட்டும்தான். தாராளமாகக் குடிக்கலாம். ஞானதுரை காகிதத்தை வாசித்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு பேச்சித்தாய் கிணற்றடியில் போய் நின்று ஒரு வாளி இறைத்தாள். கையில் அள்ளிக் குடித்தாள்.

"இருவது வருசம்" என்றாள்.

கடற்கரை தலையைக் குனிந்துகொண்டார். கல்யாண வீடுகளில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் அவருக்கு இப்படி வலித்ததில்லை.

மறுநாள் காலையில் குடம் காணவில்லை. பேச்சித்தாய் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருக்கோடியில் கடற்கரை வந்துகொண்டிருந்தார், தோளில் குடம். இனிமேல் வீட்டுக் கிணறு குடிக்க, குத்தாலிங்கம் கிணறு பருப்பு வேக வைக்க, இந்த ஒரு குடம் என் பாடு என்றார். ஆண்பிள்ளை குடம் சுமந்து தெருவோடு வந்தால் அந்த நாளில் சிரிக்காதவர்கள் இல்லை. "என்ன அண்ணாச்சி, நீங்க சுமக்கிய?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக் கிணறு பாஸாயிட்டு. நாந்தான் பெயிலு" என்று பதில் சொல்லிக்கொண்டே நடப்பார். கல்யாண வேலையாக வெளியூர் போகிற நாட்களுக்கு முதல் நாளே ஒரு குடம் கூடுதலாக வைத்துவிட்டுப் போவார்.

எட்டு வருஷம் ஓடியது. அறுபத்தேழில் ஒரு மழைநாள் காலையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, தோள்பட்ட ரொம்ப வலிக்குதுட்டி" என்றார்.

பேச்சித்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தன வருசமாச்சு?"

"எட்டு."

"அப்பம் இன்னும் பன்னெண்டு கெடக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அவர் தோளில் வைத்து, சாதம் கொதிக்கிற வரைக்கும் தேய்த்துவிட்டாள். மறுநாளும் குடத்தை அவர்தான் எடுத்தார்.